பன்னிரண்டாவது பெயர்

குத்தம்பாக்கத்தில் என் அக்காள் வீடு இருக்கிறது. எழுத்து ஓடாமல் நின்றுபோகிற நாட்களில் நான் அங்கே போய்விடுவது வழக்கம். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவரையில் லாரிகளின் இரைச்சல் காதை அடைக்கும். சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் நுழைந்துவிட்டால் அந்த இரைச்சல் பின்னால் எங்கோ போய்விடும். நெடுஞ்சாலை ஓரம் பெரிய பஸ் நிலையம் எழுந்துவிட்டது. மனைப் பிரிவுகளின் எல்லைக் கற்கள் வயல்களுக்குள் நடந்து வந்துகொண்டிருக்கின்றன. இருந்தாலும் அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இன்னும் காற்று வருகிறது. காற்று வந்தால் கதையும் வரும் என்பது என் நம்பிக்கை.

சென்ற முறை போனபோது கதை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது.

அக்காள் மகனுக்கு வயது இருபத்தாறு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. நல்ல பையன். வாய் அதிர்ந்து பேசமாட்டான். அன்று இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவன் அறையில் விளக்கு எரிந்தது. அக்காளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ராத்திரியிலே தூங்கறதே இல்லைடா தம்பி. கேட்டா, இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கறேங்கறான். நீயே போய்க் கேளு" என்றாள்.

போய்க் கேட்டேன். அவன் வெட்கத்தோடு நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தான். கம்ப்யூட்டர்த் திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன.

விஷயம் இதுதான். பஸ்ஸர்பீட்டர் என்று இன்டர்நெட்டில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். 2007-இல் தொடங்கியது. இதில் கையால் பந்து போடுகிற வேலையே இல்லை. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு கிளப்புக்குச் சொந்தக்காரர். ஆட்டக்காரர்கள் எல்லாரும் கற்பனை. கம்ப்யூட்டர் அவர்களைப் பெற்றுப் பெயர் வைத்து, பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகளாகக் கிளப்பின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. சொந்தக்காரர் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்; சம்பளம் கொடுக்கிறார்; வாங்குகிறார்; விற்கிறார். நமக்குப் பதினாலு வாரம் கழிந்தால் அவர்களுக்கு ஒரு வயது ஏறிவிடுகிறது. முடிவில் ஓய்வு பெற்று மறைந்துபோகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேசிய அணி உண்டு. அதற்குப் பயிற்சியாளர் யார் என்பதை அந்த நாட்டுச் சொந்தக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். என் மருமகன் தேர்தலில் நின்று ஜெயித்திருக்கிறான். குத்தம்பாக்கத்து மாடி அறை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஆட்களை வைத்து, இந்தியாவின் மானத்தைக் காத்துக்கொண்டிருக்கிறான்!

வாசகர்கள் சிரிக்கக்கூடும். நானும் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க மாமா. பதினோரு பேர் முடிஞ்சிருச்சு. பன்னிரண்டாவது பேர்லேதான் மூணு நாளா நிக்கறேன்" என்றான்.

பன்னிரண்டாவது பெயர் என்று அவன் சொன்னதும் என் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. எனக்குள் ஒரு பழைய முள் அசைந்தது. அந்த முள்ளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவனுடைய சிக்கல் என்னவென்றால், பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவனுக்கு முப்பத்து மூன்று வயது. நெடுநாளாக அணியில் இருப்பவன்; இறங்குமுகம். மற்றவனுக்கு இருபத்து நான்கு. இரண்டு மூன்று கலைகளில் முன்னவனைவிட ஒரு படி மேல். அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவனுடைய திறமையையும் வார்த்தையாலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். படுமோசம், பரிதாபம் என்று கீழே தொடங்கி, சுமார், பரவாயில்லை என்று ஏறி, இதிகாச புருஷன் என்று சொல்லும்படியான உச்சிவரை இருபது படிகள். குதிப்பதற்கு ஒரு படி. தூர நின்று எறிவதற்கு ஒரு படி. கைமாற்றிக் கொடுப்பதற்கு ஒரு படி. இதைவிடக் கொடுமை, பதினெட்டு வயதில் வந்து நிற்கும்போதே அவன் எதுவரை வளரமுடியும் என்பதையும் நெற்றியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரிசையின் அடிமட்டத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ஆட்டத்தை மைக்கில் அறிவிப்பவன்! அதற்கு அடுத்த படி, பெஞ்சைச் சூடாக்குகிறவன். பிரம்மதேவன்கூடத் தலையெழுத்தை மற்றவர் படிக்கமுடியாதபடிதான் எழுதினான்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சின்னவன் ஒரு படி மேல் என்று நீயே சொல்கிறாய். அவனைப் போட்டுவிடு. விடுபட்டவன் அழவா போகிறான்? அவன்தான் இல்லவே இல்லையே!" என்றேன்.

அவன் ஒரு கடிதத்தைத் திறந்து காட்டினான். பெரியவனுடைய சொந்தக்காரர் எழுதியது. இந்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கிற மனிதராம். அந்த ஆட்டக்காரனைப் பதினெட்டு வயதில் எடுத்து, நல்ல விலை வந்தபோதும் விற்காமல், நான்கு வருஷமாக வளர்த்திருக்கிறார். தேசிய அணிக்கு இன்ன பயிற்சி வேண்டும் என்று முன்பிருந்த பயிற்சியாளர் கேட்டுக்கொண்டதற்காக, தம்முடைய கிளப் தோற்றாலும் பரவாயில்லை என்று அந்தப் பயிற்சியையே கொடுத்திருக்கிறார். தேசிய அணிப் பயிற்சியாளனால் யாரையும் வாங்கமுடியாது. யாருக்கும் பயிற்சி கொடுக்கமுடியாது. பிறர் வளர்த்த பிள்ளைகளைக் கேட்டு வாங்கித்தான் நிறுத்தவேண்டும். அந்த மனிதர் கடிதத்தில் எதையும் கேட்கவில்லை. 'இந்தப் பருவத்தோடு அவன் ஓய்வு பெறுவான் என்று நினைக்கிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"ஆட்டக்காரன்தான் மாமா பொய். இவர் நிஜம்" என்றான் என் மருமகன்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் விடவில்லை.

"இல்லாத ஆளுக்கு என்ன வந்ததுன்னு நீங்களா கேக்கறீங்க? போன தொடர்கதையிலே அந்த டீச்சரைச் சாகடிச்சீங்களே, அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடலை."

கதை எழுதுகிறவன் தலைகுனியவேண்டிய இடம் அது. அந்தப் பாத்திரத்தின் மரணத்தைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பெண்மணி ஒரே வரியில் எழுதியிருந்தார்: 'அவளை ஏன் கொன்றீர்கள்?' அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதமுடியாது. உண்மையான காரணம், தொடரை இன்னும் மூன்று வாரத்தில் முடிக்கவேண்டியிருந்தது. அவளை வைத்துக்கொண்டு எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எப்படி எழுதுவது? கதையில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன். மற்ற மரணங்கள் எதுவும் என்னை உறுத்தியதில்லை. ஏனென்றால், யாராவது கேட்டால் அவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது.

அன்று இரவு திண்ணையில் படுத்தபடி யோசித்தேன். தேர்ந்தெடுப்பது என்ற காரியத்தில் நியாயம் எங்கே இருக்கிறது? அநியாயம் எங்கே இருக்கிறது?

கூடைப்பந்து பிறந்த கதையை நினைத்துக்கொண்டேன். 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக இதைக் கண்டுபிடித்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். 13 விதிகள் எழுதினார். அவர் வகுப்பில் 18 பேர். ஆகவே பக்கத்துக்கு 9 பேர். அந்த முதல் ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்தவன் ஒருவனும் இல்லை! வகுப்பு முழுவதும் ஆடுவதற்காகவே பிறந்த ஆட்டம் அது. சில வருஷங்களுக்குள் பக்கத்துக்கு 5 பேர் என்று குறுகிவிட்டது. உலகப் போட்டிகளில் ஒரு நாட்டுக்கு 12 பேர். அதில் களத்தில் நிற்பவர் 5 பேர். மற்ற 7 பேர் பெஞ்சில். பதின்மூன்றாவது ஆள் தன் வீட்டில்.

ஆட்டம் நன்றாக ஆகவேண்டுமானால் ஆள் குறையத்தான் வேண்டும். இதை மறுக்கமுடியாது. எல்லாரையும் சேர்த்துக்கொள்வதுதான் தர்மம் என்று சொல்வது எளிது. ஆனால் மருத்துவக் கல்லூரியில் இடம் இவ்வளவுதான். ஆபீஸில் வேலை ஒன்றுதான். பத்திரிகையில் பக்கம் இத்தனைதான். எங்கே இடம் குறைவோ அங்கே தேர்வு வந்துவிடும். தேர்வு வந்தால் விடுபடுகிறவன் ஒருவன் இருப்பான். வள்ளுவர் ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரம், தெளிந்தபின் அவனிடம் வேலையை ஒப்படைப்பதற்கு ஓர் அதிகாரம் என்று அடுத்தடுத்து வகுத்தார். தேர்ந்தெடுக்கப்படாதவன் எந்த முகத்தோடு வீடு திரும்புவான் என்பதற்கு அவரிடமும் தனி அதிகாரம் இல்லை.

ஆகையால் விடுபடுகிறவனுக்கு இடம் வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை. அப்படியானால் அவனுக்கு உரிமை என்று ஒன்றுமே இல்லையா?

இந்த இடத்தில் ஆட்ட உபாயங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மறுநாள் மருமகன் எனக்கு அவற்றை விளக்கினான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். ஆளுக்கு ஆள் காப்பதா, இரண்டு மூன்று என்று வட்டாரம் பிரித்துக்கொண்டு காப்பதா. பந்தை வேகமாக ஓட்டிக்கொண்டு போவதா, பொறுமையாகச் சந்தர்ப்பம் பார்ப்பதா, கூடைக்கு அடியில் நிற்கும் நெட்டையனுக்கே கொடுத்துக்கொண்டிருப்பதா? ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளனும் கைகட்டி வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். இவற்றோடு இன்னும் ஒன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் உயிரைக் கொடுத்து ஆடவேண்டுமா, சாவகாசமாக ஆடவேண்டுமா என்றும் கட்டளை கொடுக்கலாம். சாவகாசமாக ஆடினால் உற்சாகம் மிச்சமாகும். அடுத்த பெரிய ஆட்டத்துக்கு அது உதவும். பலவீனமான நாட்டோடு மோதும்போது இவன் சாவகாசம் என்றே எழுதுகிறானாம்.

"இது ஏமாற்று இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எதிர்ப்பக்கத்துக்காரனும் அதைத்தான் செய்வான். யார் கேட்டாலும் சொல்லுவேன்" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பாட்மின்டனில் நடந்ததை நினைவுபடுத்திக்கொண்டேன். சீனா, தென் கொரியா, இந்தோனேசியா நாடுகளைச் சேர்ந்த நான்கு ஜோடிகள், அதாவது 8 பேர், வேண்டுமென்றே தோற்க முயன்றார்கள் என்று போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த சுற்றில் சுலபமான எதிராளி கிடைக்கவேண்டும் என்பது கணக்கு. பந்தை வலையில் அடித்தார்கள், வெளியே அடித்தார்கள். பணம் கொடுத்துப் பார்க்க வந்த ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். உலகத்தில் தலைசிறந்த ஆட்டக்காரிகள், ஒரு சிறுபிள்ளையும் செய்யாத தவறுகளைச் செய்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

சக்தியை மிச்சம் பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் உபாயம்தான். முதலாவதை எதிராளியின் முகத்துக்கு நேரே சொல்லலாம்: 'நாளை மறுநாள் எங்களுக்குப் பெரிய ஆட்டம்; இன்று முக்கியமானவர்களுக்கு ஓய்வு.' அவன் வருத்தப்படலாம், ஆனால் கோபித்துக்கொள்ளமாட்டான். இரண்டாவதைச் சொல்லமுடியாது. சொன்ன மாத்திரத்தில் அது செத்துவிடும். இருட்டில் மட்டுமே உயிர் வாழ்கிற காரியம் அது.

எனக்கு ஒரு நூல்முனை அகப்பட்டது போலிருந்தது. ஒரு தேர்வு நியாயமா அநியாயமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அதனால் நஷ்டப்பட்டவனை நேரே பார்த்து, காரணத்தை அவனிடம் சொல்லமுடியுமா? விடுபடுகிறவனுக்கு இடம் கேட்க உரிமை இல்லாமலிருக்கலாம். காரணம் கேட்க உரிமை உண்டு. அந்த இந்தூர்க்காரருக்கு உண்டு. என்னைக் கேட்ட அந்தப் பெண்மணிக்கும் உண்டு.

இதற்கு ஓர் ஆட்சேபம் உடனே எழும். வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு பகலில் போய் வரக்கூடிய உத்தரமேரூரில், கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் முறை அதில் விவரமாக இருக்கிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். கடந்த மூன்று வருஷத்துக்குள் பதவி வகித்தவன் ஆகாது. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது. அவன் உறவினரும் ஆகாது. இப்படிக் கழித்தபின் மிஞ்சியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதுதான் குடவோலை.

அந்தச் சபையின் வாசல் எத்தனை பேருக்கு மூடியிருந்தது என்பதை அந்தச் சுவரே சொல்கிறது. நிலமில்லாதவனுக்கு இடமில்லை, படிப்பு மறுக்கப்பட்டவனுக்கு இடமில்லை. அநியாயத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே வெளிப்படை ஒன்றே போதாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. சுவரில் எழுதிவைத்த அநியாயத்தை ஒருவன் ஒரு நாள் படிப்பான். 'நிலம் இல்லாவிட்டால் என்ன? ஏன் ஆகாது?' என்று கேட்பான். அவன் இல்லாவிட்டால் அவன் பேரன் கேட்பான். மனசுக்குள் வைத்துக்கொண்ட அநியாயத்தை யாரும் எதிர்த்துக் கேட்கமுடியாது. எதைக் கேட்பது? யாரைக் கேட்பது? அது செய்தவனோடு பிறந்து, செய்தவனுக்குள்ளேயே அழுகிக்கொண்டிருக்கும்.

அப்படிக் கேட்டவர்களின் பதிலையும் இதே ஊரில் பார்க்கலாம். பொறியியல் படித்து, வெளியூரில் பார்த்த வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய இளங்கோ, 1996-இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரானார். அவர் காலத்தில் இங்கே எழுந்த சமத்துவபுரத்தில் வீடுகளை இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். ஒரு பாதியில் ஆதிதிராவிடக் குடும்பம். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதையே ஒரு விதியாக்கி, அதை எல்லாருக்கும் தெரியச் சொல்லிவிட்டுக் கட்டினார்கள். அதுவும் ஒரு தேர்வுதான். அதிலும் ஓர் உபாயம் இருக்கிறது. ஆனால் பகல் வெளிச்சத்தில் நிற்கிற உபாயம். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போகும்போது, பொதுச் சுவர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வாசலில் இரண்டு கோலம் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் யோசித்த பிறகு, என் முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நான் மேலே எழுதியதெல்லாம் வீண்.

எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் நான் இருந்தேன். ஆட்டத்தைவிடக் கையெழுத்து நன்றாக இருந்ததால் விளையாட்டு உபாத்தியாயருக்கு வேண்டியவனாக இருந்தேன். மாவட்டப் போட்டிக்கு அணி போகவேண்டும். அவர் சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதினேன். பதினொன்று ஆனதும் யாரோ அவரை அழைத்தார்கள். "கடைசியா ஒருத்தனை நீயே பார்த்துப் போட்டு, போர்டுலே ஒட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு பேர் மிச்சமிருந்தார்கள். ஒருவன் என் சிநேகிதன். குட்டையானவன், ஆனால் பந்து அவன் கைக்குப் போனால் எங்கே போகவேண்டுமோ அங்கே போய்ச் சேரும். இன்னொருவன் ஆட்டத்தில் அவனுக்குச் சற்று மட்டம். ஆனால் அவன் வீட்டில் ஓர் அலமாரி இருந்தது. அவன் பாட்டி வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கத்தரித்து, பைண்டு செய்து, அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தாள். அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போது நான் ஒரு நீண்ட நாவலின் நடுவில் இருந்தேன். இரண்டாம் பாகம் இன்னும் கைக்கு வரவில்லை.

பன்னிரண்டாவதாக நான் யார் பெயரை எழுதினேன் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டியலை ஒட்டிவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் வீட்டுக்குப் போனேன். என் சிநேகிதன் அதைப் பார்த்திருக்கிறான். மறுநாள் அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 'சார் சொன்னார், எழுதினேன்' என்ற பாவனையில் நடந்துகொண்டேன். போட்டிக்குப் போனபோது அவனும் கூட வந்தான். தண்ணீர்க் குடத்தையும் பந்துப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அவன் இருந்திருந்தாலும் தோற்றிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். அதனால் என்ன? தோல்வியா அந்த முள்?

குட்டையன் என்பதற்காக அவனை விட்டிருந்தால் அவனிடம் சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்பான், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான். எனக்கு இருந்த காரணமோ சொல்லத் தகாதது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டாம் பாகம் கிடைத்தது. படித்தேன். அதில் என்ன நடந்தது என்று இன்று எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் காலையில் காபி சாப்பிடும்போது மருமகன் சொன்னான், "சின்னவனையே போட்டுட்டேன் மாமா." இரவு பட்டியலை வெளியிடுவதற்கு முன்னால் இந்தூர்க்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டானாம். இன்ன ஆட்டத்துக்கு இன்ன உபாயம் வைத்திருக்கிறேன். அதற்கு வேகம் வேண்டும். உங்கள் ஆளுக்கு அது குறைந்துவிட்டது. இது அவன் இத்தனை நாள் ஆடியதற்கு மரியாதைக் குறைவல்ல. பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது என்பதற்காக முன்னால் எழுதுகிறேன் என்று.

"பதில் வந்ததா?"

"வந்தது. எனக்கும் அவ்வளவு சந்தோஷமில்லை, ஆனா புரியுதுன்னு எழுதியிருக்கார். அடுத்த வாரம் அவர் வளக்கிற வேற பையனைப் பாக்கச் சொல்லி இருக்கார்."

ஒரு விளையாட்டுக்காக ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறானே என்று நினைத்தவன் நான். இல்லாத ஒருவனை விலக்குவதற்கு இந்தப் பிள்ளை மூன்று இரவு யோசித்திருக்கிறான். இருக்கிற ஒருவனை விலக்குவதற்கு எனக்கு மூன்று நிமிஷம் போதுமாக இருந்தது. விளையாட்டில் பழகுவது வாழ்க்கைக்குள்ளும் வந்துவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். வரட்டும். இது வந்தால் நல்லதுதான்.

அன்று சாயங்காலம் திருமழிசைக்குப் புறப்பட்டேன். என் சிநேகிதன் அங்கே இரண்டு சக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கையை உயர்த்துவான், நானும் உயர்த்துவேன். முப்பது வருஷத்து உறவு கையளவில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு வண்டியின் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டான். டீ சொன்னான். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். உபாத்தியாயர் பதினொரு பெயர்தான் சொன்னார் என்பதையும், பன்னிரண்டாவது என்னுடையது என்பதையும், அந்த அலமாரியையும் சொன்னேன்.

அவன் குனிந்து செயினை மறுபடி எடுத்துக்கொண்டான்.

"தெரியுமே" என்றான்.

"எப்படி?"

"அன்னிக்கே போய் பி.டி. சாரைக் கேட்டேன். கடைசிப் பேரு அவனைத்தான் போடச் சொன்னேன்னாரு."

"அப்போ என்னை ஏன்டா கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்." செயின் பல்லில் விழுந்தது. பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "அலமாரி விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. நான் குட்டைங்கறதாலே விட்டுட்டேன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் தன் பெண்ணைப் பற்றிச் சொன்னான். ஒன்பதாவது படிக்கிறாளாம், நன்றாக ஓடுகிறாளாம், பள்ளிக்கூடத்தில் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம்.

"எடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்கலைன்னா ஏன்னு போய்க் கேளுன்னு சொல்லியிருக்கேன்" என்றான்.